பிரியாணி மண்டபத்தில் ஒரு காதுகுத்து

என் தங்கை தன் மகனுக்குக் காதுகுத்து வைத்த நேரம், இடைத்தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்தது. தேதியை மாற்று என்றேன். கேட்கவில்லை. புருஷன் விட்டுப் போன பிறகு, தையல் மிஷினை மிதித்துச் சேர்த்த காசில் அவள் தனியாக நடத்தும் முதல் விசேஷம் அது. ஊர் விசேஷங்களில் அவளைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைப்பார்கள். "ஒரு பந்தியாவது நம்ம வூட்ல ரொம்பணும்ணா" என்றாள். அவள் ஆசை அவ்வளவுதான்.

காணை என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாசலில் சின்னப் பந்தல் போட்டு, சாம்பார் சாதமும் பாயசமும் ஆக்கிவைத்துக் காத்திருந்தோம். ஈ காக்கை இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பையன் என் மடியில் நெளிந்துகொண்டிருந்தான். காது குத்த வந்த பத்தர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் எங்கே போயிற்று என்று மூக்கே சொன்னது. பக்கத்துத் தெரு மண்டபத்தில் மட்டன் பிரியாணி. வாசலில் 'காதணி விழா' என்று பேனர். ஓட்டுக்காரர்களுக்கு விருந்து வைத்தால் வழக்கு, செலவுக் கணக்கு என்று வேட்பாளருக்குத் தலைவலி. காதணி விழாவுக்கு யார் வேண்டுமானாலும் சோறு போடலாம். அதனால் தேர்தல் வந்துவிட்டால், எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திடீரென்று காது குத்தும் வயது வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் போனவர்களை முழுதாகத் திட்ட மனசு வரவில்லை. நாளெல்லாம் கரும்பு வெட்டுகிறவன் மட்டனை விட்டுவிட்டுச் சாம்பார் சாதத்துக்கு வருவானா?

அப்போது எதிர்வீட்டுக் கட்சிக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"மாமா, புள்ளைய கொஞ்சம் குடுங்க. பறக்கும் படை வந்துக்கினு இருக்காம். நாங்க கூட்டியாந்த புள்ளை காதுல ஏற்கெனவே கம்மல் கெடக்குது, ஒருத்தனும் பாக்கல. ஜல்தியா வாங்க, பேஜாரா பூடும்."

"நீயெல்லாம் இன்னா மனுசன்யா?" என்று கத்தினேன். தங்கை என் தோளை அழுத்தினாள்.

"ஊரே அங்கதானண்ணா இருக்குது. அங்கயே குத்திக்கலாம் வா."

மண்டபத்தில் என் மடியில் வைத்தே பத்தர் குத்தினார். பையன் போட்ட அலறலில் பந்தி மொத்தமும் இலையிலிருந்து நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு உள்ளே வந்தார். வெயிலில் அலைந்து களைத்த முகம். அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் தயங்கினார்.

"யாரும்மா விசேஷக்காரங்க?"

"நான்தாங்க. இது என் புள்ளை. மடியில வச்சிருக்கிறது எங்கண்ணன்."

"இத்தனை பேருக்கும் நீங்களா பிரியாணி போடுறீங்க?"

தங்கை பந்தியைப் பார்த்தாள். அவளைக் கடைசிப் பந்திக்குத் தள்ளியவர்கள் எல்லாரும் வாய்க்குப் போன கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க. நான்தான் போடுறேன்."

கேமரா அதைப் பதிவு செய்துகொண்டது. அதிகாரி, குண்டுமணித் தங்கம் இல்லாத அவள் கழுத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரிந்து என்ன செய்வார், பாவம்? குழந்தை நிஜம், காதில் கசிந்த ரத்தம் நிஜம், தாய்மாமன் மடியும் நிஜம். பையனின் தலையைத் தொட்டு, "நல்லாயிருக்கட்டும்மா" என்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பினால், நாற்காலிகள் போட்டது போட்டபடி கிடந்தன. பாயசத்தில் ஆடை கட்டியிருந்தது. அந்த விருந்து எந்த வேட்பாளரின் செலவுக் கணக்கிலும் ஏறவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஊருக்கே மட்டன் பிரியாணி போட்டவள் என் தங்கை.

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். மண்டபத்திலிருந்து திரும்பியவர்கள் ஏப்பம் விட்டபடி கடந்து போனார்கள். "விசேஷம் ஜோரும்மா" என்று சிலர் சிரித்தார்கள்.

"வாங்க, நம்ம வூட்ல ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் நானும் பத்தரும்தான் இலை போட்டு உட்கார்ந்தோம்.