மேல்மலைக் குத்தகை

மர்டோவின் எண்ணை வாசித்ததும் வின்னி கைதட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான், பக்கத்தில் தன் அண்ணன் நிற்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திமாரு நகர மண்டபத்தில், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் மலை மேய்ச்சல் நிலங்களைக் குலுக்கல் போட்டுக் குத்தகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு மரப்பீப்பாய். அதற்குள் எண் போட்ட கோலிக்குண்டுகள். ஸ்டோனிஃபோர்ட் பண்ணைக்கு மட்டும் முப்பத்தொன்பது பேர் மனுப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வின்னியின் அண்ணன் கிளெம் ரட்டர். பதினைந்து வயதிலேயே அந்த மலைக்கு ஆடு ஓட்டப் போனவன். எந்தச் சரிவில் எந்த மாதம் புல் நிற்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் கிடாக்கள் பதுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இன்னொருவன் மர்டோ டின்வுடி. மாவு மில்லில் கணக்கெழுதியவன். இத்தாலியில் கிளெமோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவன். வின்னியை மணந்துகொள்ளப் போகிறவன். அவனையும் மனுப் போட வைத்தவன் கிளெம்தான். "ரெண்டு பேரா போட்டா ஒண்ணாவது விழும்டா. யாருக்கு விழுந்தாலும் மூணு பேருமா போயிடலாம்" என்று அவன் சொன்னபோது, தனக்குத்தான் விழும் என்பதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

அதிகாரி நிபந்தனைகளை வாசித்தார். முப்பத்துமூன்று வருஷக் குத்தகை. குத்தகைதாரர் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு இன்னொருவர் பெயருக்கு மாற்றக் கூடாது. கூட்டுப் பெயர் செல்லாது.

வாசற்படியில் கிளெம் தொப்பியைக் கழற்றி மர்டோவுக்கு முன் குனிந்தான்.

"முதலாளி, எப்ப வேலைக்கு வரட்டும்?"

"டேய், அப்படிக் கூப்பிடாதே."

"கூப்பிடத்தான் செய்வேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கோலிக்குண்டு உன்னைத்தானே முதலாளின்னு சொல்லுச்சு."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அண்ணனுடைய சத்தம்தான் மிக உரக்கக் கேட்டது என்பதை வின்னி கவனித்தாள்.

ஸ்டோனிஃபோர்டில் ஏழு வருஷம் அப்படியே ஓடியது. கல்யாணமாகி வின்னியும் மர்டோவும் பெரிய வீட்டில் இருந்தார்கள். கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்குப் பக்கத்துக் குடிசையில் கிளெம் இருந்தான். கடிதாசி, படிவம், அரசு நில அலுவலகம் எல்லாம் மர்டோ. ஆடும் மலையும் கிளெம். சரளைக்கல் சரிவில் மர்டோ தவழ்ந்து போவதைப் பார்த்து, "முதலாளி, அது படிக்கட்டு இல்ல, கைப்பிடி தேடாதீங்க" என்று கிளெம் மேலேயிருந்து கத்துவான். மர்டோவும் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் குத்தகை நிலத்தைப் பார்வையிட அரசாங்க ஆய்வாளர் வரும் நாட்களில் மர்டோவை முன்னால் விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி கிளெம் பின்னால் நடப்பான். அந்த நாட்களில் அவன் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டான்.

கீழே ஆற்றங்கரைச் சமவெளி, நடுவில் மேடு. அதற்கும் மேலே, இரண்டு முகடுகளுக்கிடையில் மேல்மலை. பூமியின் அந்தத் தென்பாதியில் டிசம்பரில்தான் கோடை; கோடையில் மட்டும்தான் அங்கே ஆடுகள் இருக்கும். காயடித்த மெரினோ கம்பளிக் கிடாக்கள் ஆயிரத்து இருநூறையும் டிசம்பரில் ஏற்றிவிட்டு, ஏப்ரல் முடிவதற்குள் இறக்கத் தொடங்கிவிட வேண்டும். அது குத்தகைப் பத்திரத்திலும் இருந்தது, கிளெமின் எலும்பிலும் இருந்தது.

ஏழாவது வருஷம் வின்னிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்த வாரமே போய்விட்டன. பெயர்கூட வைக்காமல் புதைத்திருந்தார்கள். இது தங்கியது. இஸபெல் என்று பெயர் முடிவானது. பள்ளத்தாக்குக் கோயிலுக்கு மாதத்தில் முதல் ஞாயிறுதான் பாதிரியார் வருவார். ஜூன் வந்தால் குளிர்காலப் பனியில் பாதை அடைபட்டுவிடும். எனவே ஞானஸ்நானம் மே முதல் ஞாயிறு என்று வின்னி நாள் குறித்தாள். திமாருவிலிருந்து அம்மா பஸ்ஸில் வருகிறாள். சடங்கில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பன் கிளெம்தான்.

ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை கிளெம் சமையலறை வாசலில் வந்து நின்றான். பூட்ஸைக் கழற்றவில்லை.

"வின், நாளைக்கு மேல ஏறிடறோம். ஆடு இறக்க ஆறு நாள் ஆகும். பாதிரியாரை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"அடுத்த மாசம் அம்மா எப்படி வருவா? ரோடு இருக்குமா?"

"காத்து மாறுது. எனக்குப் பிடிக்கல."

"உனக்கு எந்த வருஷம் காத்து பிடிச்சிருக்கு? ரெண்டு பிள்ளையைப் பேரில்லாமப் புதைச்சிருக்கேன், கிளெம். இதுக்காவது எல்லாம் முறையா நடக்கட்டும். ஆடு எங்கேயும் ஓடிப் போகாது. நாலு நாள்தானே."

கிளெம் மர்டோவைப் பார்த்தான். மர்டோ மேஜையைப் பார்த்தான்.

"சரி. தங்கச்சி சொன்னா அப்பீல் ஏது?" என்று கிளெம் போய்விட்டான்.

ஞாயிறு அருமையான வெயில். கோட்டு மாட்டிய கிளெம் குழந்தையை வாங்கத் தெரியாமல் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். திங்கள் விடியலில் மழை. செவ்வாய் முழுக்க மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. புதன் காலை பனி விழ ஆரம்பித்து மூன்று நாள் நிற்காமல் விழுந்தது.

மேல்மலையில் இடுப்பு உயரப் பனிக்குள் கிடாக்கள் அங்கங்கே கூட்டங்கூட்டமாகச் சிக்கிக்கொண்டன. மனிதன் முன்னால் போய்க் காலால் மிதித்து, மண்வெட்டியால் வெட்டிப் பாதை போட்டால்தான் ஆடு ஒற்றை வரிசையில் பின்னால் நடந்து வரும். பனி நின்றதும் கிளெமும் மர்டோவும் மேலே ஏறி, மலைக்குடிசையில் தங்கிக்கொண்டு அதைச் செய்தார்கள். முந்நூறு ஆடு வரைக்கும் வெளியே கொண்டுவந்தார்கள். நான்காம் நாள், கிளெம் குறுக்கே நடந்துகொண்டிருந்த சரிவின் பனி அப்படியே மொத்தமாகப் பெயர்ந்து அவனோடு கீழே போயிற்று.

வின்னி பால் மாட்டுக்கு வைக்கோல் சுமந்துகொண்டிருந்தாள். மர்டோ கொட்டகைப் பக்கமாக வந்தான். அவனோடு நாய்கள் எல்லாமே வந்தன, கிளெமின் நாய்களும் உட்பட. அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு நாள் தோண்டினேன், வின்" என்றான் அவன். கையுறையைக் கழற்ற முடியவில்லை. அவள்தான் கத்தரியால் வெட்டி எடுத்தாள்.

பனி உருகிய அக்டோபரில்தான் கிளெமைக் குதிரைமேல் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். பள்ளத்தாக்குக் கோயிலில் அடக்கம் நடந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவன் குழந்தையோடு நின்ற அதே இடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள்.

நவம்பரில் ஆய்வாளர் வந்தார். சமையலறையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். துக்கம் விசாரிக்க வந்திருந்த அம்மாவும் அங்கே இருந்தாள். வின்னி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றாள்.

"ஏப்ரல் முடிஞ்சும் ஆடு மேலேயே இருந்திருக்கு. ஏன் தாமதம், மிஸ்டர் டின்வுடி?"

"என் முடிவுதான்" என்றான் மர்டோ. "மேல புல் இன்னும் இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் விடலாம்னு நினைச்சேன். கிளெம் வேண்டாம்னான். நான் கேக்கல."

ஆய்வாளரின் பேனா காகிதத்தில் கீறியது. வின்னி வாயைத் திறந்தாள். அம்மா மர்டோவைப் பார்த்த பார்வையைக் கண்டாள். வாயை மூடிக்கொண்டாள். மர்டோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என் பிள்ளை அப்பவே சொன்னான், கணக்குப்பிள்ளைக்கு மலை சரிப்படாதுன்னு" என்று அம்மா எழுந்து வெளியே போனாள். ஞானஸ்நானத்துக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாள் குறிக்கும்போது ஆட்டைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சாகிற வரைக்கும் பதின்மூன்று வருஷம் அவள் மருமகனோடு பேசவில்லை. வின்னியோடு மட்டும் பேசினாள். வருகிறபோதெல்லாம் மகளின் கையைத் தடவி, "உன் தலையெழுத்து, இவனோட கிடக்கே" என்பாள். வின்னி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். பிறகு அப்படி நினைப்பதும் நின்றுபோயிற்று.

பள்ளத்தாக்கில் கதை நிலைத்துவிட்டது. மர்டோ உள்ளே நுழைந்தால் கம்பளி கத்தரிக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவன் மேல்மலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினான். குத்தகை ஒரே துண்டு, வைத்துக்கொள்வதானால் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள், விடுவதானால் முழுசாக விடுங்கள் என்று பதில் வந்தது. அதனால் ஒவ்வொரு வருஷமும் அவனே ஏறினான். மார்ச் முடிவதற்குள் எல்லா ஆட்டையும் இறக்கினான். மேலே நல்ல புல் வீணாக நின்றது. "டின்வுடி மேகத்தைப் பார்த்தாலே மூட்டை கட்டிடுவான்" என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவன் காதில் விழும்படியே சொன்னார்கள்.

கிளெம் போன பத்தொன்பதாவது வருஷம் மர்டோவுக்கு நுரையீரலில் நோய் கண்டது. திமாரு ஆஸ்பத்திரியில், மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போன பிறகு, வின்னி ஒருவழியாகக் கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே?"

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

"உங்கம்மாவுக்கு மகன் போயிட்டான். மகளும் போகணுமா?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீ சரின்னிருப்பே. அப்புறம் அது ரெண்டு பேர் சொன்ன பொய்யா ஆயிருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "எனக்கு ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, வின். எப்படியும் அவனோட மலையைத்தானே நான் வாங்கிட்டேன்."

ஒன்பது நாள் கழித்து இறந்தான்.

குத்தகையை விதவையின் பெயருக்கு மாற்ற அலுவலகத்திலிருந்து கார்ஸ்வெல் என்ற அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தார்.

"இன்னொரு விஷயம், மிஸஸ் டின்வுடி. மேல்மலையில மண் அரிச்சு ஆத்துக்குள்ள வருது. இனிமே அங்க ஆடு விடக் கூடாதுன்னு முடிவாயிருக்கு. நடுவுல வேலி வந்திடும். பக்கத்துப் பண்ணையில இதுக்குப் பெரிய சண்டையே போட்டாங்க. நீங்க..."

"எடுத்துக்குங்க" என்றாள் வின்னி.

அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்தக் கோப்புல என் அண்ணன் செத்ததைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

கார்ஸ்வெல் புரட்டினார். அவருக்கு வாசிக்கவே கூச்சமாக இருந்தது. "குத்தகைதாரர், அனுபவமுள்ள பணியாளரின் எச்சரிக்கையை மீறி, மேய்ச்சலை நீட்டித்ததால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அது தப்பு. நீட்டிக்கச் சொன்னது நான். பிள்ளையோட ஞானஸ்நானத்துக்காக. அவர் வாயே திறக்கல. மாத்தி எழுதுங்க."

"பத்தொன்பது வருஷம் ஆச்சு. இதனால குத்தகையில ஒண்ணும் மாறாதுங்க."

"குத்தகையை நான் கேக்கல."

பழைய அறிக்கையில் கை வைக்கத் தனக்கு அதிகாரமில்லை, கடிதமாக எழுதிக் கொடுத்தால் கோப்பில் சேர்க்கலாம் என்றார் அவர். அவள் அங்கேயே நாலு வரி எழுதி, தேதி போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். கார்ஸ்வெல் கடிதத்தை மடிக்காமல் கோப்பில் செருகினார். இதை இனி யாரும் படிக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. காகிதத்துக்குச் சொன்னது போதாது, உயிரோடு இருக்கிற ஒருவருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியிருந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்த இஸபெலுக்கு ஞாயிறு பிற்பகல் டெலிபோன் போட்டாள். முழுக்கச் சொன்னாள்.

"என்னோட ஞானஸ்நானத்துக்காகவா?" என்றாள் இஸபெல்.

"நீ என்ன பண்ணுவே, கைக்குழந்தை. நான்தான்..."

"பாட்டி அப்பாவை அப்படிப் பேசுறப்போ நானும் கூட உக்காந்திருந்தேன். நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் சாகிறப்போகூட அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்." குரல் உடைந்தது. "அவர் இருக்கிறப்போ சொல்லியிருக்கலாம். இல்ல, கடைசிவரைக்கும் சொல்லாமலே இருந்திருக்கலாம். இப்ப எதுக்கும்மா சொன்னே?"

மகள் போனை வைத்த பிறகும் வின்னி காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

மார்ச்சில் கூலிக்கு ஆள் வைத்துக் கடைசித் தடவையாக ஆடுகளை இறக்கினார்கள். வின்னி மலைக்குடிசை வரை போய் அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்துமூன்று ஆடு குறைந்தது. முகட்டுப் பாறைகளுக்குள் எங்கோ நின்றுவிட்டிருந்தன. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர் யாரும் இல்லை. வேலி போட்டு முடித்ததும், மிச்ச ஆடுகளைச் சுட்டுத் தீர்க்க அலுவலகம் இரண்டு பேரை அனுப்பியது. இரண்டு காலை வேளை மேலேயிருந்து வெடிச்சத்தம் விட்டு விட்டு வந்தது. வின்னி கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாய்கள் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தன. "படு" என்றாள்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு இஸபெல் வரவில்லை. அடுத்த வருஷத்துக்கும் வரவில்லை. மூன்றாம் வருஷம் வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், அப்பாவின் பழைய மேல்கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் வந்தது. வானிலை, வேலை நேரம், சாப்பாடு என்று ஒரு பக்கம் எழுதியிருப்பாள்.

கீழ்நிலத்தில் வின்னி அறுநூறு ஆட்டோடு தனியாகக் காலம் தள்ளினாள். முப்பத்துமூன்று வருஷம் முடியும்போது, விரும்பினால் மீண்டும் அதே கால அளவுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அலுவலகம் படிவம் அனுப்பியது. அவள் அதைப் பூர்த்தி செய்யாமலே திருப்பி அனுப்பினாள். சாமான் ஏற்றிய லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேர்லி ஊருக்குப் போனாள். வழியில் ஓட்டுநர், "இவ்வளவு வருஷம் இருந்த இடம், விட்டுட்டுப் போறது கஷ்டமா இல்லையா?" என்று விசாரித்தான்.

"முதல்லயே அது எங்களுக்கு விழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னாள். காற்று குளிர்ந்திருந்தது.