எல்லா எண்ணிலும் ஒன்றைக் கழித்தேன்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஒரு கூத்துக் குழுவுக்குச் சமைத்துப் போட்ட காலத்தில் ஆர்மோனியக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் வெள்ளைக் கட்டைகளில் ஒன்று, இரண்டு என்று மார்க்கரால் எண் போட்டேன். பாட்டையும் எண்களாகவே எழுதி வாசித்தேன். ஸ ரி க ம தெரியுமா என்று கேட்டவர்களிடம் தெரியும் என்றேன்.

போன புரட்டாசியில் பாலக்கோட்டுப் பக்கம் பெருமாள் கோயில் பஜனைக்குக் கூப்பிட்டார்கள். தக்காளி மண்டியில் காய் பிரிக்கும் பெண் ஒருத்தி பாடுவதாக ஏற்பாடு. அங்கே பெண் கைக்கு மைக் போவது அதுதான் முதல் தடவை. "இன்னிக்குச் சரியா வந்தா மத்த சனிக்கெழமையும் பாடட்டும்" என்று பஜனைத் தலைவர் அரைமனதாகச் சொல்லியிருந்தார்.

"சளி புடிச்சிருக்குங்ணா. சுருதியக் கொஞ்சம் எறக்கிப் புடிங்க" என்றாள்.

ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் போதும் என்று நினைத்தேன். ஐந்துக்கு நான்கு, நான்குக்கு மூன்று. கட்டைக்குக் கட்டை சுர இடைவெளி ஒரே அளவல்ல, கறுப்புக் கட்டைகள் அதற்காகத்தான் என்பது அப்போது தெரியாது. ஸ எங்கே நின்றாலும் ரி க ம கூடவே நகரும். என் எண்கள் மரத்தோடு ஒட்டியவை. வேறு ஏதோ மெட்டு கிளம்பியது. அவள் குரல் அதைத் துரத்திப் போய்த் தடுமாறியது.

"யார் வூட்டு எழவுக்குங்க வாசிக்கறீங்க?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர். சிரிப்பு.

"புள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு, சுருதியில நிக்கல" என்றேன், மைக்கிலேயே.

தலைவர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் விடவில்லை.

"பொட்டிய மூடுங்ணா."

மூடினேன். தனக்கு எட்டிய சுருதியில் தனியாக எடுத்தாள். 'கோவிந்தா' என்று இழுத்தபோது குரல் என் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்று வழுக்கியது. பழக்கத்தில் அதற்கு எண் தேடினேன். அந்த இடத்தில் கட்டையே இல்லை. கூட்டம் முழுக்கக் கோவிந்தா போட்டது.

முடிந்ததும் சுண்டலோடு அவளே வந்தாள். "அடுத்த வாரமும் வாங்ணா."

"பொட்டி?"

"அது எதுக்கு? ஜால்ரா போடுங்க."

பக்கத்தில் தலைவர், "தொண்டை கட்டியே இப்படிப் பாடுதே!" என்றார்.

தலையாட்டினேன். வாய் நிறையச் சுண்டல். இல்லாவிட்டாலும் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க மாட்டேன்.