அரிசி இழுக்கும் கலசம்

சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு பட்டறைக் கூடத்தைக் கலைக்காட்சிக்குத் தருகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் பெயர் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் நான். என்ன வைக்கப்போகிறீர்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் அதிகம் யோசிக்காமல் எழுதினேன்: ‘இடி விழுந்த கலசம்.’

எங்கள் பக்கம் பலருக்கும் தெரிந்த நம்பிக்கை அது. பழைய கோபுரத்தில் இடி விழுந்தால் மேலே இருக்கும் செப்புக் கலசத்துக்கு ஒரு சக்தி வந்துவிடும். பக்கத்தில் அரிசியைக் கொண்டுபோனால் தானாக ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அது கையில் கிடைத்தவன் தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். என் அண்ணன் இரண்டு வருஷம் அதைத் தேடி அலைந்தவர். இரும்பு ரோலிங் மில் வேலைக்கு அடிக்கடி லீவு போட்டுவிட்டு யாரோ ஒரு புரோக்கர் பின்னால் ஆந்திரா பக்கம் ஊர் ஊராகப் போனார். கடைசியில் வாங்கிய பணத்தோடு புரோக்கர் காணாமல் போனான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

கவரைப்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் வேலையைத் தொடங்கினேன். ஏழு செப்புச் சொம்புகள் வாங்கி வந்தேன். ஒன்றுக்குள் மட்டும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து ஒட்டினேன். ஒரு லேத் பட்டறையில் வாங்கிய இரும்புத் தூளைக் கோந்தில் குழைத்து அரிசியில் பூசி, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்துக் காயவைத்தேன். ஏழையும் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் இந்த அரிசியில் ஒரு தட்டு வைப்பதாகத் திட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவ அண்ணன் மாடிக்கு வந்தார். கதவு திறந்திருந்தது.

“இன்னாமா இது?”

மறைக்க வழியில்லை. சொன்னேன். அவர் காயவைத்திருந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து ஒவ்வொரு சொம்பிடமும் காட்டினார். ஐந்தாவது சொம்பில் அரிசி துள்ளி ஒட்டிக்கொண்டது. அதைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். காந்தத்தை விரலால் தடவினார்.

“அன்னிக்கு அந்த புரோக்கரு காட்டுன கலசத்துலயும் இதான் இருந்துருக்கும். தொட்டா கரண்டு அடிக்கும்னு சொல்லி எங்கள கிட்டவே வுடல அவன்.”

“நான் வேணா இத வுட்டுடட்டுமாண்ணா?”

“எதுக்கு? செஞ்சத செய்யி. ஆனா இப்பிடி பளபளன்னு இருந்தா எவன் நம்புவான்? உப்புத் தண்ணி தெளிச்சு வெயில்ல போடு.”

அந்த வாரம் முழுவதும் ஷிஃப்ட் முடிந்து வந்து அவரே தெளித்தார். சொம்புகள் கறுத்து அங்கங்கே பச்சை பூத்தன. நான் எழுதி வைத்திருந்த அட்டையையும் அப்போதுதான் பார்த்தார். ‘பேராசையால் ஏமாந்தவர்களைப் பற்றி’ என்று இருந்தது. படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“பேராசதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ரெண்டு வருஷம் காலைல எந்திரிக்கும்போது, இன்னிக்கு இன்னாவோ நடக்கப்போவுதுன்னு தோணிக்கினே இருக்கும். மில்லுல எனக்கு ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்லமா.”

அட்டையைக் கிழித்துவிட்டு, ‘அரிசியைக் காட்டிப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதினேன்.

காட்சிக்குப் பெரும்பாலும் ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள்தான் வந்தார்கள். நாலு சொம்பு வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். ஐந்தாவதில் பேச்சு நின்றுவிடும். அண்ணன் வந்திருந்த அன்று, ஐம்பது வயது இருக்கும் ஒருவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

“சார், இது ஒரிஜினலா?”

அண்ணன் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தனியாகத் திரும்பினார்.

“காந்தம்னு சொன்னேன். தலைய தலைய ஆட்டினாரு, ஆனா நம்பல.”

மறுநாள் அந்த மனிதர் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் அரிசியோடு வந்தார். ஏழு சொம்பிலும் காட்டினார். ஒரு மணிகூட ஒட்டவில்லை. பிறகு என் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். ஐந்தாவதில் ஒட்டியது. நான் சொம்பை இறக்கி, உள்ளே இருந்த காந்தத்தைக் காட்டினேன். அரிசிமேல் இருந்த இரும்புத் தூள் பூச்சையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ விஷயம் அரிசியிலதான் கீதுன்றீங்க” என்றார். “கொஞ்சம் எடுத்துக்கினு போகட்டுமாம்மா?”

தலையசைத்தேன். கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து காட்சி முடியும்வரை, ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கூடத்துக்கு வந்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வருகிறவர்களில் அவரைத் தேடியபடி உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் திரும்ப வரவேயில்லை.