மூன்றாம் மாடிக்கு எந்தப் பாடகர்

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் அருளம்பலம் படி கழுவுகிற கட்டிடத்துக்கு ஐந்து மாடிகள். மாடிக்கு ஒரு அமெரிக்க ரொக் பாடகர். உச்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு தொடங்குவார். நாலாவதில் பொப் சீகர், மூன்றாவதில் ஜோன் ஃபோகர்ட்டி, இரண்டாவதில் டொம் பெற்றி. முதலாம் மாடியில் வாய்க்கு வந்தது. வாசல் கூடத்தைத் துடைக்கும்போது மட்டும் மெதுவாக ஒரு தேவாரம். வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

குரல் பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் பளிங்குப் படியும் உயரமான சுவரும் எந்தக் குரலையும் தூக்கிவிடும். சொற்களைப் பற்றி அவருடைய மகள் சிவானுஜாதான் சரியாகச் சொல்வாள்: "அப்பா, நீங்கள் பாடுறது இங்கிலீஷே இல்லை. இங்கிலீஷுக்குப் பக்கத்து வீட்டுப் பாஷை."

அவர் அதைப் பாடம் செய்த விதம் அப்படி. பலெர்மோவுக்கு வந்த புதிதில் வுச்சீரியாச் சந்தையில் ஒரு மதுக்கடைக்கு மேலேயுள்ள அறையில் இருந்தார். கடைக்காரனுக்கு அமெரிக்கப் பாட்டென்றால் உயிர். இத்தாலியன் நாக்கில் ஏறுவதற்கு முன்னமே அந்தப் பாட்டுகள் தரைப் பலகை வழியாக ஏறி அருளம்பலத்தின் காதில் குடியிருந்துவிட்டன. யார் பாடியது, என்ன கருத்து என்பதெல்லாம் பின்னால், சிவானுஜா வளர்ந்து தொலைபேசியில் தேடிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலை மூடுகிறது, வேலை முடிந்து கார் ஓட்டுகிறான், சண்டைக்கு அனுப்பப்படுகிறவன் எப்போதும் ஏழை வீட்டுப் பொடியன். கேட்டுக்கொண்டிருந்த அருளம்பலம், "அப்ப நான் சரியாத்தான் விளங்கியிருக்கிறன்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. அன்று போர்கோ வெக்கியோ தெருச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் மேசையில் அவரும் ஜான்-குளோட்டும் இருப்பார்கள். ஜான்-குளோட் மொரிசியஸ்காரர், பூட்டன் காலத்தில் தமிழர். இருவருக்கும் பொதுவானது இத்தாலியன்தான். நடுவில் கடலைமாவில் பொரித்த பனெல்லே சுடச்சுட இருக்கும். பேச்சு எப்போதும் ஒன்றுதான்: அமெரிக்காவின் சாதாரண மனிதரைச் சரியாகப் பாடியவர் யார்?

"உன்ரை ஸ்பிரிங்ஸ்டீன் இப்ப கோடீஸ்வரன்," என்பார் ஜான்-குளோட். "அவன்ரை வீட்டுப் படியை ஆர் கழுவுகினம் எண்டு கேட்டுப் பார்த்தியோ?"

"காசு வந்தாப் பிறகும் தகப்பனை மறக்கேல்லையே. பஸ் ஓட்டின மனிசன். அவரைப் பற்றிப் பாடேக்கை, வேலையால வந்து குசினியிலை பேசாமல் இருக்கிற ஆள் கண்ணுக்கு முன்னாலை வந்து நிப்பார்."

"ஜோன் மெலன்காம்ப் விவசாயிகளுக்காகக் கச்சேரி வைச்சவன். என்ரை அப்பா கரும்பு வெட்டினவர். எனக்கு அவன்தான்."

"உன்ரை அப்பா என்ன அமெரிக்கனோ?"

"உன்ரை அப்பாவோ?"

அருளம்பலத்திடம் ஒரு சோதனை உண்டு. பாட்டும் துடைப்பமும் சேர்ந்து போகவேண்டும். சேராவிட்டால் அது வேலை செய்யாதவன் எழுதிய பாட்டு. மெலன்காம்பை அவர் ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்: "அவன்ரை ஊர் சமதரை. அவனுக்குப் படி இறங்கத் தெரியாது."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கட்டிட நிர்வாகி அழைத்தார். மூன்றாம் மாடிச் சட்டத்தரணி லோ வெர்சோ கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். கணினியில் கட்சிக்காரரோடு கதைக்கும்போது கதவுக்கு வெளியே ஃபோகர்ட்டி கத்துகிறாராம். குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறார்கள். அதுவரை பாடவேண்டாம்.

நியாயமான முறைப்பாடுதான். அருளம்பலத்துக்கும் அது விளங்கியது. ஆனால் கூட்டத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லி வாக்களித்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது வெறும் படிதான்.

"ஹெட்போன் போட்டு மனசுக்குள்ளை பாடுங்கோவன் அப்பா," என்றாள் சிவானுஜா.

"மனசுக்குள்ளை பாடினால் வேர்வைதான் வரும், பிள்ளை. வேலை ஓடாது."

அந்த வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. அதே வாளி, அதே தண்ணீர், ஆனால் முழங்கால் இருக்கிறது என்பது முதல் தடவையாகத் தெரிந்தது. ஐந்தாம் மாடி வீட்டுக்கார அம்மா, எல்லாருக்கும் 'சிஞ்ஞோரா', இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு கதவு திறந்தது. தோல் சப்பாத்துச் சத்தம். பிறகு "மடோன்னா!" என்றொரு அலறல். சட்டத்தரணி கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி, இருந்த வாக்கிலேயே படிப்படியாகச் சறுக்கி வந்து அருளம்பலத்தின் வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

அருளம்பலம் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடினார். "அவ்வொகாத்தோ! சட்டத்தரணி ஐயா! அடி பட்டதோ?"

லோ வெர்சோ காற்சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஈரத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு கோபத்தோடு நிமிர்ந்தார்.

"நீங்கள் ஏன் பாடேல்லை?"

"நீங்கள்தானே பாடவேண்டாமெண்டு..."

"சத்தமில்லை, நீங்கள் இன்னும் வரேல்லையெண்டு நினைச்சன்!"

மேலேயிருந்து ஐந்தாம் மாடி சிஞ்ஞோராவின் குரல் இறங்கியது. "நானும்தான்! டொம் பெற்றி தொடங்கினால் என்ரை தளம் காய்ஞ்சிட்டுது எண்டு லிஃப்டிலை இறங்கிப் பாண் வாங்கப் போவன். இந்தக் கிழமை முழுக்கப் பழைய பாண்!"

தரை ஈரம் என்று எச்சரிக்கும் மஞ்சள் அறிவிப்புப் பலகை ஒன்றே ஒன்று, அதுவும் வாசலில் இருந்தது. மாடிக்காரர் யாரும் அதைப் பார்த்து நடக்கவில்லை. இத்தனை வருடமும் காதால் கேட்டே காலை வைத்திருக்கிறார்கள். அருளம்பலத்துக்கே அது அப்போதுதான் தெரியவந்தது.

கூட்டம் வாசல் கூடத்தில் நடந்தது. அவரையும் ஒரு கதிரையில் இருத்தினார்கள். பாடலாமா என்ற கேள்வி உடனே முடிந்துவிட்டது. எந்த மாடிக்கு யார் என்பதில்தான் இழுபட்டது. ஸ்பிரிங்ஸ்டீனின் தாய்வழி இத்தாலி, அவரை யாரும் தொடக்கூடாது என்றார் சிஞ்ஞோரா. இத்தாலியப் பாட்டே பாடலாமே என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாம்," என்றார் அருளம்பலம். "விளங்கிற பாட்டெண்டால் எல்லாரும் பிழை பிடிப்பியள்."

சிரிப்பு அடங்கியதும் லோ வெர்சோ தொண்டையைச் செருமினார். "என்ரை மாடிக்கு ஃபோகர்ட்டி வேண்டாம். அவரின்ரை குரல் கதவைத் துளைக்குது. கொஞ்சம் தணிஞ்சதாய்... படிக்கிற காலத்திலை நான் மெலன்காம்ப் கேக்கிறனான்."

அருளம்பலம் தலையைச் சொறிந்தார். மறுக்க வழியில்லை.

அடுத்த வியாழன் போர்கோ வெக்கியோவில் விசயத்தைக் கேட்ட ஜான்-குளோட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு தட்டு பனெல்லே முடியும்வரை ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, தெருச் சந்தை திரும்பிப் பார்க்கப் பாடிக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை அருளம்பலம் உச்சியில் வாளியை வைத்து ஸ்பிரிங்ஸ்டீனைத் தொடங்கினார். முழங்கால் தன் பாட்டில் போனது. நாலாம் மாடியில் சீகர் பாதிவழியில் நிற்கும்போது கீழே கதவு திறந்தது.

"சீகர் முடியிறதுக்குள்ளை கோப்பி குடிச்சிட்டு வாறன்!" என்று கத்தியபடி சட்டத்தரணி காய்ந்த படியில் ஓடி இறங்கினார்.

அருளம்பலம் மூன்றாம் மாடிக்கு வந்து, தணிந்த குரலில் மெலன்காம்பை எடுத்தார். படியில் பாட்டு இரண்டு இடத்தில் தடக்கியது. ஆனால் கதவுக்கு முன்னாலுள்ள அகன்ற தளத்தில் துடைப்பம் இடமும் வலமும் தானாகவே போய்வந்தது. தளம் சமதரைதானே!

நல்ல பாடகன்தான். இதை ஜான்-குளோட்டிடம் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, அருளம்பலம் இன்னொரு தடவை முதலிலிருந்து பாடினார்.