ஹேமாவின் மூங்கில் கைப்பிடி

கல்கத்தா நியூ டவுனில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஹேமாவின் கணவர் மூர்த்தியிடமிருந்து போன் வந்தது. “ஹேமா போயிட்டா, சேகர். காலையில மார் வலிக்கறதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிண்டுதான் வந்தா” என்றார். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதன்பின் இரண்டு பஸ்கள் வந்து போயின. நான் ஏறவில்லை. ஹேமாவிடம் சொல்லவேண்டிய ஒன்றைப் பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ‘ஹேமாதி’, ஹேமா அக்கா. தெருவிளக்குப் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்த எங்கள் நிறுவனத்தில், வங்காளி இளைஞர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அவர் ஹேமா. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு மின் பொறியாளர்கள் நாங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருக்களில், விளக்குக் கம்பத்தைத் தொட்டு ஷாக் அடித்துச் செத்தவர்களைப் பற்றிக் கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதைத் தடுக்க அலுவலகத்தில் ஒரு குழு அமைத்தார்கள். நான்தான் தலைவன். ‘கம்பத்தைத் தொடாதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் பலகை வைத்தோம்.

ஒரு நாள் ஹேமா மத்தியானம்தான் ஆபீசுக்கு வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பவானிபூரில் ஒரு மிட்டாய்க்கடைப் படியில் காலையிலிருந்து நின்றாராம்.

“தண்ணியில நடக்கறவா எதைத் தொடறான்னு பார்த்தேன். எங்க பள்ளம், எங்க மூடியில்லாத சாக்கடைன்னு யாருக்கும் தெரியல. விழாம இருக்கத்தான் கம்பத்தைப் பிடிக்கறா, சேகர். பிடிக்காதேன்னு போர்டு வைக்கறோம். வேற எதைப் பிடிக்கறதுன்னு நாம சொல்லவே இல்லையே.”

அடுத்த வாரம் அவருடைய திட்டம் என் மேஜைக்கு வந்தது. சந்தின் பள்ளமான இடத்தில், குழாய்க்குள் ஒரு மிதவை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால் அது எழும்பி, அந்தச் சந்தின் விளக்குகளுக்கு வரும் மின்சாரத்தை மேட்டிலுள்ள பெட்டியிலேயே துண்டித்துவிடும். இருட்டில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள, கம்பங்கள் இல்லாத பக்கமாக, வீட்டுச் சுவர்களை ஒட்டி இடுப்பு உயரத்தில் மூங்கில். துர்கா பூஜைப் பந்தல் போடுகிறவர்களிடம் மழைக்காலத்தில் மூங்கில் சும்மாதான் கிடக்கிறது. வாடகைக்கு வாங்கிக் கட்டி, பூஜை நெருங்கும்போது அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் விசாரித்தே வைத்திருந்தார்.

கூட்டத்தில் மூங்கில் என்ற சொல் வந்ததும் ஒருவர், “நாம இன்ஜினியரா, பந்தல் கான்ட்ராக்டரா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹேமா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “பெரிய பிரச்சினைன்னா பெரிய மெஷின்தான் வேணும்னு யார் சொன்னா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ‘பின்னர் பரிசீலிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், பவானிபூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், நிமாய் செத்துப்போனார். என் சட்டைகளையெல்லாம் தைத்தவர். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் கால் இடறி, கம்பத்தைப் பிடித்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே எங்கள் பலகை இருந்தது.

செய்தி கேட்டு ஹேமா வந்தார். இருவரும் அந்தச் சந்து முனையில் நின்றோம். திட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. “பாவம், பிடிச்சுக்க அவருக்கு வேற என்ன இருந்தது” என்றார். அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே கோப்பைத் தேடி எடுத்து, பலமாகப் பரிந்துரை எழுதி மேலே அனுப்பினேன். அங்கே விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். மறுபடி கேட்டார்கள். அதற்குள் நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்து, தெருக்கள் வேறு யாரிடமோ போயின.

ஓய்வு பெற்றபின் ஹேமா அதைத் தானே செய்தார். லேக் கார்டன்சில் தன் சந்தில் பூஜை நடத்தும் கிளப்காரர்களைக் கூட்டி, முதல் மழைக்கு முன்பே மூங்கில் கட்டினார். மிதவைக்கு அனுமதி வாங்க இரண்டு வருஷம் அலைந்தார். பிறகு பக்கத்துச் சந்துகளும் கேட்டு வந்தன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் எனக்குப் போன் செய்வார். “ஒரு தடவை வந்து பாருங்கோளேன். தப்பு இருந்தா சொல்லுங்கோ.” அடுத்த மழைக்கு வருகிறேன் என்பேன். முழங்கால் வலி என்று ஒரு வருஷம், வீடு மாற்றுகிறோம் என்று ஒரு வருஷம். போனால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதுதான் உண்மைக் காரணம்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ஹேமாவின் சந்தில் நடந்தேன். லேசான மழை. முன்னால் ஒரு வயதான பெண்மணி, ஒரு கையில் பால் பாக்கெட், மறு கை மூங்கிலின் மேல், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தார். அதை யார் கட்டினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து மூர்த்தியிடம், கூட்டத்தில் நானும் சிரித்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

“தெரியும். அன்னிக்கே வந்து சொன்னா. சேகரும் சிரிச்சுட்டார், ஆனா அவர் ஒருத்தர்தான் முழுசாப் படிச்சிருக்கார்னு சொன்னா. அப்புறம் அவ்வளவு பலமா எழுதி அனுப்பினேளே, படிக்காதவா அப்படி எழுத முடியாதுன்னு உங்களை விட்டுக்கொடுக்கவே மாட்டா.”

கூட்டம் நடந்த அன்று நான் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. மிச்சத்தைப் படித்தது நிமாய் செத்த பிறகு. மூர்த்தியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஹேமாவை அறிந்தவர்கள் படிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் என்மேல் வைத்திருந்த அந்தத் தப்பான நம்பிக்கைதான் என்னிடம் மிச்சம். உண்மையைச் சொல்லி அதைத் திருத்த இப்போது அவர் இல்லை. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாவதற்கு எனக்கும் அதிக வருஷங்கள் இல்லை.