ஒரு நாள் முந்திப் பிறந்த மாசி

என் மனைவியிடம் ஒரு வார்த்தை உண்டு, வெப்ராளம்; இருப்புக்கொள்ளாத பரபரப்பு என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவாள்.

"வந்துட்டுல்லா வெப்ராளம்! அந்த புரோகிராம் சோறு கேட்டுதா, தண்ணி கேட்டுதா? நல்லாத்தானே ஓடுகு. பின்ன எதுக்கு அதைப் போட்டு நோண்டுகிய?"

அவள் கேட்பது நியாயம்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா கொடுக்கிறேன். இது எதற்கு என்று எனக்கே தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. ரிப்பேருக்கு வந்து, ஆள் திரும்பி வாங்க வராமல் போன ஒரு கம்ப்யூட்டருக்குள் கிடந்த பாடங்களைப் பார்த்துப் படித்தேன். பழைய எழுத்துருவில் அடித்ததைப் புது எழுத்துருவுக்கு மாற்ற ஒன்று, நூறு போட்டோக்களுக்கு ஒரே தட்டில் பெயர் மாற்ற ஒன்று, அப்புறம் கொஞ்சம் ஸ்கிரீன்சேவர்.

ஸ்கிரீன்சேவரில் பேர் வாங்கியது திற்பரப்பு அருவி. மழைக்காலத்தில் போனில் படம் எடுத்து, வெட்டி ஒட்டி, முடிவே இல்லாமல் தண்ணீர் விழுகிற மாதிரி செய்தேன். இரைச்சலும் சேர்த்துத்தான். கோட்டாறில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் அதைத் தன் கல்லாப் பெட்டி கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"ஓய், உம்ம அருவி கொள்ளாம். ஆனா சத்தத்தை நிறுத்தும். சேலை எடுக்க வாற பொம்பளையள் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல பாத்ரூம் எங்கேன்னு கேக்குதாவ."

அன்றே சத்தமில்லாத பதிப்பு ஒன்று வெளியிட்டேன். 'மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் ஒவ்வொரு புரோகிராமோடும் வைப்பேன். அதில், "அருவிச் சத்தம் நீக்கப்பட்டது, காரணம் வியாபாரம்" என்று எழுதினேன். இப்படி யாராவது ஒன்று சொன்னால் எனக்கு ஒரு வாரத்துக்குத் தெம்பு. சொல்லாவிட்டால், நானே ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டு நோண்ட ஆரம்பிப்பேன்.

அப்படி நோண்டி நோண்டி வளர்ந்ததுதான் காலண்டர். திரையின் வலது மூலையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சதுரம். அதில் இங்கிலீஷ் தேதி, தமிழ் மாதத் தேதி, மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு, அன்றைய நட்சத்திரம். எங்கள் பக்கத்தில் பிறந்தநாளும் சரி, இறந்தநாளும் சரி, பலர் மாதமும் நட்சத்திரமும் வைத்துத்தான் பார்ப்பார்கள். இங்கிலீஷ் தேதி பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும். ஆகவே ஒரு பதிப்பில் நினைவூட்டலையும் சேர்த்தேன். 'ஆவணி, திருவோணம், அப்பா' என்று ஒரு தடவை அடித்து வைத்தால் போதும். வருஷா வருஷம் அது எந்தத் தேதியில் வருகிறது என்று கணக்குப் போட்டு, ஒரு மாதம் முன்னாலேயே மணி அடித்துச் சொல்லும்.

இன்னொன்றும் பெருமையாக எழுதி வைத்திருந்தேன்: "இந்த புரோகிராம் இண்டர்நெட்டை எட்டிக்கூடப் பார்க்காது." ஒரு தடவை போட்டால் போட்டதுதான். ஆளை வேவு பார்க்காது, தானாக எதையும் இறக்காது. அதை எழுதிய அன்றைக்கு எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

கடிதம் எழுதுகிற பயனாளிகள் எனக்குக் குறைவு. அதில் ஒருவர் சவூதியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை செய்கிற தம்பி. சொந்த ஊர் திற்பரப்பு. நேரில் பார்த்ததில்லை. மெயிலில் பேசுவது மாதிரியே எழுதுவார். சென்ற தை மாதத் தொடக்கத்தில் அவரிடமிருந்து வந்தது:

"அண்ணே, உங்க காலண்டர் மணி அடிச்சாச்சு. அம்மை தவறிப்போன முதல் ஆண்டு, மாசி அனுஷம். லீவு எழுதிக் குடுத்து, டிக்கெட்டும் போட்டாச்சு. பன்னெண்டு நாளுதான் தந்தானுவ, பரவால்ல. ஊர்ல அக்கா வேற நாளு ஒண்ணு சொல்லுகா. நான் சொல்லிட்டேன், கம்ப்யூட்டருக்குத் தப்பாதுன்னு."

அக்கா அருவிக்குப் போகிற வழியில் செராக்ஸ் கடை வைத்திருப்பதாகவும், அவள் கம்ப்யூட்டரிலும் நம் காலண்டர் இருப்பதாகவும் கீழே எழுதியிருந்தார். அந்த மெயிலை என் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். 'வேற நாளு ஒண்ணு சொல்லுகா' என்பதை இரண்டு தடவையும் வாசித்தேன். ஒரு தடவைகூட அது காதில் ஏறவில்லை.

நாலு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, கோட்டாறில் அழைப்பிதழ் டைப் செய்கிற தங்கச்சி ஒருத்தி கூப்பிட்டாள். என் எழுத்துரு மாற்றியைத் தினமும் உபயோகிப்பவள்.

"அண்ணே, ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு கார்டு அடிக்கேன். கொல்லம் ஆண்டு மாசி தேதி போடணும். உம்ம காலண்டரும் சுவத்துல தொங்குத காலண்டரும் ஒரு நாளு மாறுகு."

"சுவத்துக் காலண்டர்ல அச்சுப் பிழையா இருக்கும், தங்கச்சி."

"அவன் லெச்சம் பேருக்கு அடிக்கான். தப்புன்னா கடைக்கு வந்து கழுத்தைப் பிடிப்பாவ. உம்ம கழுத்தை ஆரு பிடிக்கப் போறா? நீருதான் ஓசிக்குல்லா குடுக்கீரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கமும் ஒரு மலையாளப் பஞ்சாங்கமும் வாங்கி வந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பக்கம் பறக்காமல் இருக்க, பிரித்து வைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேலே வைத்தேன்.

தப்பு அரைமணி நேரத்தில் பிடிபட்டது. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைகிற நேரத்தை வைத்துத்தான் மாதம் பிறக்கிறது. தமிழ்க் கணக்கில் அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றைக்கே ஒன்றாம் தேதி. கொல்லம் கணக்கில் மத்தியானம் ஒரு மணி வாக்கில் தாண்டிவிட்டால், மறுநாள்தான் ஒன்றாம் தேதி. மதியத்துக்கும் அந்திக்கும் நடுவில் நுழைகிற மாதங்களில் மட்டும் இரண்டும் ஒரு நாள் விலகும். மற்ற மாதங்களில் இரண்டும் ஒத்துப்போகும்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் இந்த புரோகிராமை எழுதியிருந்தால் தமிழ்க் கணக்கு மட்டும் போட்டிருப்பார். திருவனந்தபுரத்துக்காரர் எழுதியிருந்தால் கும்பம், மீனம் என்று தனியாகப் போட்டிருப்பார். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள். மாதத்துக்குப் பேர் தமிழில் மாசி, பங்குனி என்று சொல்வோம். வீட்டு விசேஷத்துக்கு நாள் பார்க்கும்போது எங்களில் பலர் கொல்லம் கணக்கில் பார்ப்போம். பேர் ஒன்றாக இருந்ததால் கணக்கும் ஒன்று என்று நினைத்து, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். நான் பிறந்ததிலிருந்து இரண்டு காலண்டரும் ஒரே ஆணியில் தொங்கப் பார்த்தவன். இரண்டும் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் சவூதித் தம்பியின் நினைவு வந்தது. மாசி அனுஷம். விரலை வைத்துப் பார்த்தேன். அனுஷம் விழுவது சரியாக அந்தத் தகராறு பிடித்த நாளில். என் காலண்டருக்கு அது மாசி ஒன்று. கொல்லம் கணக்கில் அது தையின் கடைசி நாள். மாசியில் அனுஷம் மறுபடி வருவது இருபத்தேழு நாள் கழித்து. அவருடைய அக்கா சொன்ன வேறு நாள் அதுவாகத்தான் இருக்கும். ஒரு நாள் பிசகு இல்லை இது. பன்னிரண்டு நாள் லீவில் வருகிறவருக்கு ஒரு மாதப் பிசகு. என் காலண்டர் சொன்ன நாளோ நாளை மறுநாள்.

உடனே மெயில் போட்டேன். பதில் இல்லை. திருத்தத்தை எழுதினேன், மொத்தம் நாலே வரி. புதுப் பதிப்பையும் இணைத்து இன்னொரு மெயில். அதற்கும் பதில் இல்லை. அவர் கம்ப்யூட்டரில் இருக்கிற காலண்டர் இதை எப்படித் தெரிந்துகொள்ளும்? அதுதான் இண்டர்நெட்டை எட்டிக்கூடப் பார்க்காதே! அவருடைய போன் நம்பரும் என்னிடம் இல்லை. செராக்ஸ் கடை ஒன்றுதான் தெரியும்.

இரண்டு பஞ்சாங்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு, குலசேகரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தும் உட்காரவில்லை. முன் படிக்கட்டுப் பக்கமே நின்றேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க நின்னா வண்டி வேகமாப் போவாது கேட்டியளா," என்றார். தக்கலை வருவதற்குள் என்ன சொல்வது என்று ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வாடிக்கையாளரிடம் சொல்கிற சமாதானம் மாதிரி இருந்தது.

கடையைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. குளிக்க வந்தவர்களுக்கு விற்கிற துண்டும் பனியனும் வெளியே தொங்க, உள்ளே செராக்ஸ் மிஷின். மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் மூலையில் என் தீப்பெட்டிச் சதுரம். அக்கா மிஷினில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில், இன்னும் ஊர் வெயிலுக்குப் பழகாத முகத்தோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையில் ஏர்லைன் சீட்டு கிழிபடாத பை. காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்கியிருக்கிறார்.

நான் யார் என்று சொன்னதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இவியதான் அந்தக் காலண்டர் அண்ணன்! எப்பிடித் தேடி வந்திருக்காவ பாத்தியா?"

பஸ்ஸில் சேர்த்து வைத்த ஏழெட்டு விதமும் போய்விட்டது. "தம்பி, நாளு தப்பு," என்றேன். "எனக்க தப்பு. அம்மைக்க அனுஷம் நாளை மறுநாளு இல்ல. அடுத்த மாசம்."

பிடித்த கையை அவர் விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. அக்கா காகிதக் கட்டை மேசையில் வைத்தார்.

"நான் சொன்னேனா இல்லியா? கோயில்ல கேட்டு, ஜோசியர்ட்ட கேட்டு, தேதி வரைக்கும் எழுதி அனுப்புனேன். கம்ப்யூட்டருக்குத் தப்பாதுன்னியே மக்கா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னியே."

"அக்கா, சும்மா இரி."

"நான் சும்மாத்தான் இருந்தேன். அதாக்கும் இப்பம் இப்பிடி ஆச்சு."

தம்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். போனை எடுத்துக்கொண்டு வெளியே துண்டுகளுக்கு நடுவில் நின்று சவூதிக்குப் பேசினார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து, ஒரே விஷயத்தைக் குரல் தாழ்த்திக் குரல் தாழ்த்திக் கேட்டார். நான் உள்ளே ஸ்டூலில் உட்காராமல், நிற்கவும் செய்யாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது தலையை மட்டும் ஆட்டினார். லீவு நீளாது. மாற்றவும் முடியாது. அம்மா இறந்தபோதும் வர முடியாமல் போனவர். முதல் வருஷத்துக்காவது ஆற்றங்கரையில் தன் கையால் பிண்டம் வைத்துப் பலி இடவேண்டும் என்றுதான் வருஷம் முழுக்க லீவு எடுக்காமல் இருந்திருக்கிறார். இதை அக்காதான் சொன்னார், மெல்ல, என் பக்கம் பார்க்காமல்.

"நாளை மறுநாளே போட்டா என்னா?" என்று தம்பி கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"அது மாசியே இல்லலே," என்றார் அக்கா. "தை மாசத்துல போயி அம்மையைக் கூப்பிட்டா, வந்திருக்கது ஆருன்னு நமக்கென்ன தெரியும்?" காகிதக் கட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டே, "அடுத்த மாசம் அந்த நாளுக்கு நான் பலி போடுகேன். அவ பெத்தது என்னையும்தானே. நீ அங்க குளிச்சிட்டு, ஒரு நேரம் சாப்பிடாம இரி. போன்ல காட்டுகேன்."

தம்பி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "செரி. நீ போடு," என்றார்.

புதுப் பதிப்பைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அக்காவின் கம்ப்யூட்டரில் போட அனுமதி கேட்டேன். "போடும். ஆனா சுவத்துக் காலண்டரை நான் கழத்த மாட்டேன்," என்றார். போட்டு முடித்து, அடுத்த மாதத் தேதியில் மணி வைத்து, அது அவர் எழுதி அனுப்பிய தேதிதானா என்று அவரிடமே காட்டிக் கேட்டேன். "அதேதான்," என்றார்.

கிளம்பும்போது தம்பி கூப்பிட்டார். "அண்ணே, இது என்னோட நிக்கல்ல. எங்க கேம்ப்ல நம்ம ஊர்க்காரன் அம்புட்டுப் பேருக்கும் நான்தான் பென் டிரைவ்ல கொண்டு நடந்து குடுத்தேன். குளச்சல்காரன் இருக்கான், மார்த்தாண்டத்துக்காரன் இருக்கான். அவனுவ ஆருக்க ஆண்டை எந்தத் தேதியில வச்சிருக்கானுவளோ. நான் சொன்னா லீவு போன வயித்தெரிச்சல்ல சொல்லுகான்னு நெனப்பானுவ. நீங்களே சொல்லுங்க."

அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, பேசுகிற பொத்தானைக் காட்டி, போனை என் கையில் தந்தார். பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி, நான் யார், என்ன தப்பு செய்தேன், எந்தெந்த மாதங்களைச் சுவர்க் காலண்டரோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன்.

விரலை எடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு குரல் வந்தது. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். "அண்ணே, எனக்க மவளுக்கு முதல் பிறந்தநாளு வருது. பங்குனி. நாளு செரிதானா, ஒண்ணு பாத்துச் சொல்லுவியளா?"

அக்கா ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். பையிலிருந்து இரண்டு பஞ்சாங்கத்தையும் எடுத்து மிஷின் மேல் விரித்துவிட்டு, பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"என்ன நட்சத்திரம், மக்கா?" என்று கேட்டேன்.