வெங்கார மோதிரம்

நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேரம் பலகையில் போரிக் மாவைத் தூவி விளையாடினார்கள். அந்த வெள்ளைத் தூளைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். சிரிக்காமல் கேட்பீர்களென்றால் சொல்கிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம். மலாயாவில் பத்து பஹாட் பக்கம் ஓர் இரும்புச் சுரங்கத்தில், மண்ணைச் சோதிக்கும் அறையில் எனக்கு வேலை. இந்தப் போரிக் மாவுக்குத் தாய்ச் சரக்கு வெங்காரம். கம்பி முனையில் அதைத் தொட்டுச் சுடரில் காட்டினால் பொரிந்து பொங்கி, கண்ணாடி மணியாக அடங்கும். அதில் துளி உலோகம் சேர்ந்தால் நிறம் வரும். இரும்பென்றால் பாசிப் பச்சை, மாங்கனீஸ் என்றால் கத்தரிப்பூ. கோபால்ட் தரும் நீலம் இருக்கிறதே, மூவார் ஆற்று முகத்தில்கூட அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததில்லை.

சுரங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸரின் மகள் செல்லம்மாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். உலோகம் உருக்கும் மண்குகையில் வெங்காரத்தோடு கோபால்ட் சேர்த்துப் பெரிய நீல மணியாக உருக்கி, ஆசாரியிடம் கொடுத்து மோதிரமாகக் கட்டி, நிச்சயத்தன்று சபை நடுவே நீட்டினேன். "கடையில வாங்கினதில்லீங்க, நானே செஞ்ச கல்லு!" என்று பீற்றல் வேறு.

வெங்காரம் தண்ணீரில் கரையும் என்பது எனக்குத் தெரியாதா? தினம் கரைத்தவன்தான். கண்ணாடியான பிறகு என்ன ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன். பெண்ணோ காலையும் மாலையும் பாத்திரம் தேய்ப்பவள். கல் முதலில் வெளுத்துச் சொரசொரத்தது. பிறகு தேய்ந்து, வெறும் தங்கக் கூடு மிஞ்சியது.

தீபாவளிக்குப் போனேன். வீடு நிறைய உறவு. அவளுடைய அத்தை அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"மாப்ள, கற்கண்டுல மோதிரம் பண்ணிக் குடுத்தீங்களா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. டிரஸ்ஸரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலை நிமிராமல் கொல்லைப்புறம் போய்விட்டேன். அங்கே செல்லம்மா கண் சிவக்க நின்றிருந்தாள்.

"தண்ணி ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கழட்டி வச்சிருப்பேனே."

அத்தனை பேர் சிரித்ததைவிட இது சுட்டது.

தையில் கல்யாணம் நடந்தது. சில வருஷம் கழித்து, சிங்கப்பூர் போய் நிஜ நீலக்கல்லே வாங்கி வந்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கை வைக்குமுன் அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பாள்.

"இது கரையாது, செல்லம்மா."

"இருக்கட்டுமே."

நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சுரங்கக் குன்றே இப்போது இல்லை. கப்பல் கப்பலாகப் போய்விட்டது. இருந்த இடத்தில் பள்ளமும் மழைத்தண்ணீரும். செல்லம்மா போய் இரண்டு தீபாவளி ஆகிறது. குளிப்பாட்டுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள் என்று பெண்களிடம் நான்தான் சொன்னேன்.